திறக்காத கூடத்தில் வியாழக்கிழமை ஒத்திகை

இங்கிலாந்தில் ஸ்கெல்பி என்ற எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் புதுச் சாப்பாட்டுக் கூடம் ஒன்று இருக்கிறது. அது இன்னும் திறக்கப்படவில்லை. வியாழக்கிழமை மதியம் வந்து பார்த்தால் உள்ளே முப்பது கிழவர் கிழவிகள் உட்கார்ந்து, கறியும் கிழங்கும் போட்ட ஸ்டூ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பாத்திரம் கழுவும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனாலும் கூடம் திறக்கப்படவில்லை. இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாருக்காவது தோன்றினால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

இந்த நிலைமைக்கு முழுக் காரணமும் என் தங்கை டோரீன்தான். அவளைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் லண்டனில் இருக்கும் அந்த ஒரே குடும்பத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நான் எழுதுகிறேன். நான் அவளுக்கு அண்ணன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு பஸ் டிப்போவில் சேர்ந்தவன். எனக்கு அலங்காரம் வராது. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வரும். டிப்போவில் ஒரு என்ஜினைக் கழற்றினால் திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் துணியில் அடுக்கிவைப்பேன். அதே மாதிரிதான் இதுவும்.

டோரீனுக்கு அரச குடும்பப் பித்து ஏழு வயதில் பிடித்தது. பக்கத்து ஊரில் ஒரு பாலத்தைத் திறக்க ஓர் இளவரசி வந்தார். பூங்கொத்து கொடுக்க எங்கள் பள்ளியிலிருந்து டோரீனைத் தேர்ந்தெடுத்தார்கள். அழகாக இருந்தாள் என்பதற்காக அல்ல. அந்த வாரம் சின்னம்மை வராத பெண் அவள் ஒருத்திதான். இளவரசி பூங்கொத்தை வாங்கி, "எவ்வளவு அழகு" என்று சொல்லி, பின்னால் நின்ற பெண்மணியிடம் கொடுத்துவிட்டு நடந்தார். அவ்வளவுதான் சம்பவம். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் இளவரசியின் கையுறை தெரிந்தது, டோரீனின் தலை ரிப்பன் தெரிந்தது, நகர்மன்றத் தலைவரின் வயிறு முழுதாகத் தெரிந்தது. அந்தப் படம் இன்றைக்கும் அவள் வீட்டு அடுப்பங்கரைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அவள் கல்யாணப் படம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

அந்தக் கல்யாணமும் ஒரு வாரம் தள்ளித்தான் நடந்தது. முதலில் குறித்த தேதிக்கு மிக அருகில் அரச குடும்பத்திலும் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. "டிவி பாக்கணும், அந்த வாரம் எனக்குக் கை ஒழியாது" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கீத் நல்ல மனிதர். சரி என்றார். அதற்குப் பிறகு அவர் எதற்கும் சரி என்றே சொல்லி, சரி என்றே போய்ச் சேர்ந்தார்.

ஸ்கெல்பி ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் டோரீன் தலைமைச் சமையற்காரியாக இருந்தாள். முட்டைக்கோஸைக் கண்டாலே முகம் திருப்பும் பிள்ளைகள் அவள் சமைத்ததை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இதை நான் அண்ணன் என்பதால் சொல்லவில்லை. கணக்குப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த கல்வி இன்ஸ்பெக்டர் ஒருவர், இரண்டு நாளும் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனார். அந்த வருஷம் கணக்கில் எங்கள் பள்ளிக்கு மிக நல்ல பெயர் கிடைத்தது.

ஓய்வு பெற்றதும் அவள் முதியோர் மதிய உணவை எடுத்து நடத்தினாள். சர்ச்சின் அடித்தளத்தில் வியாழன்தோறும் சாப்பாடு. தனியாக இருப்பவர்கள் வந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒரு குளிர்காலத்தில் பாய்லர் செத்துப்போய், சுவரெல்லாம் ஈரம் ஏறி, அடித்தளத்தைப் பூட்டிவிட்டார்கள். ஊரே சேர்ந்து கேக் விற்று, பழைய துணி விற்று, பக்கத்துக் காலிமனையில் புதுக் கூடம் கட்டினார்கள். நல்ல கூடம். கதவுகள் அகலம், சமையலறையில் ஆறு அடுப்பு, கழிப்பறையில் கைப்பிடிகள் எல்லாம் சரியான உயரத்தில். கைப்பிடிகளை நான்தான் பொருத்தினேன்.

கட்டி முடித்ததும் கமிட்டி கூடியது. டோரீன் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்: அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் முறைப்படி திறந்துவைக்கும் வரை கூடத்தை உபயோகிக்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். யாரும் யோசித்ததாகச் சொல்ல முடியாது, டீ ஆறிக்கொண்டிருந்தது. தீர்மானம் குறிப்பில் ஏறியது. எங்கள் ஊரில் பைபிளில் இருப்பதைப் பற்றிக்கூட வாதம் செய்யலாம். கமிட்டிக் குறிப்பில் ஏறியதைப் பற்றி வாதம் கிடையாது.

அன்று சர்ச் வாசலில் நின்று டோரீன் ஊருக்கு வாக்குக் கொடுத்தாள். "நம்ம கூடத்த ராஜ குடும்பம்தான் திறக்கும். மிஸஸ் ஆலர்ட்டன், நீங்க கை குலுக்கப் போறீங்க. எல்லாரும் கை குலுக்கப் போறீங்க."

மிஸஸ் ஆலர்ட்டனுக்கு எண்பத்தெட்டு வயது. காதில் மிஷின். "யாரு குலுங்கப் போறா?" என்றார்.

டோரீன் விண்ணப்பம் போட்டாள். மாவட்டத்துக்கு மாவட்டம் மன்னருக்காக ஒரு பிரதிநிதி உண்டு, அவருக்கு ஓர் அலுவலகம் உண்டு, அந்த அலுவலகத்தில் மிக இனிமையான குரல் உடைய ஒரு பெண் உண்டு. முடியாது என்று அந்தப் பெண் போனில் ஒருபோதும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றாள். வசந்தம் போய்க் கோடை வந்தது. கோடை போயிற்று. கூடம் பளபளவென்று பூட்டிக்கிடந்தது. திறப்பு விழாக் கல்வெட்டு சுவரில் பதிக்கப்பட்டு, அதன் மேல் சின்ன வெல்வெட் திரை தொங்கியது. திறந்துவைத்தவர் பெயருக்கான இடம் காலி.

செய்தியில் 'வேலை பார்க்கும் அரச குடும்பத்தினர்' என்று சொல்கிறார்கள். எங்கள் டிப்போவிலும் வேலை பார்ப்பவர்கள், பார்க்காதவர்கள் என்று இரண்டு வகை இருந்தோம். அதை வெளியே சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. லண்டனில் வேலை பார்க்கும் வகை இப்போது சுருங்கிவிட்டது. சிலருக்கு வயதாகிவிட்டது. சிலருக்கு உடம்பு சரியில்லை. சிலர் இந்த வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். வேலைக்கு வராமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்களும் உண்டு. கடைசி வருஷங்களில் எங்கள் டிப்போவும் இப்படித்தான் இருந்தது. ரூட் ஒன்றுகூடக் குறையவில்லை; டிரைவர்தான் குறைந்தார்கள். ஓய்வு பெற்ற கிழவரை வீட்டுத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தார்கள். ஜனங்கள் நிறுத்தத்தில் நின்று பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாட்சியின் எதிர்காலம் என்னவாகும் என்று படித்தவர்கள் டிவியில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நிறுத்தத்தில் நின்ற யாரையாவது கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

இடையில் சாப்பாடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். டோரீன் தன் வீட்டிலேயே சமைத்தாள். நான் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தேன். சாப்பாடு போய்ச் சேர்ந்தது. ஆனால் மிஸஸ் ஆலர்ட்டன் கதவைத் திறந்து பாத்திரத்தை வாங்கி, பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்தேன். "உக்காந்து சாப்பிடலாமே" என்றேன். "ஒருத்திக்கு எதுக்கு மேஜை?" என்றார்.

இதை டோரீனிடம் சொன்னேன்.

"சும்மா திறந்துடு டோரீன். யாரு கேக்கப் போறா?"

"தீர்மானம் இருக்கு."

"நீ போட்ட தீர்மானம்தானே."

"நான் போட்டதாலதான் நான் மீறக் கூடாது. அதுவும் ஊருக்கே வாக்குக் குடுத்தாச்சு. ஒரு ராஜ கை வந்து அந்தத் திரைய இழுக்காம நான் கதவத் திறந்தா, டோரீன் சொன்னா நடக்காதுன்னு ஆயிடும்."

"நடக்கலியே."

"நீ வாய மூடிக்கிட்டுக் கேரட்ட வெட்டு."

அக்டோபரில் இனிமையான குரல் கூப்பிட்டது. வரும் வசந்தத்தில் யாராவது வரக்கூடும், ஆயத்தமாக இருங்கள் என்றது. யார் என்று சொல்லவில்லை. டோரீனுக்கு அது போதும். மறுநாளே கமிட்டியைக் கூட்டி, "ஒத்திகை பாக்கணும்" என்றாள்.

ஒத்திகை என்றால் முழு ஒத்திகை. அரச விருந்தினர் வரும் நேரத்தில் சாப்பாடு பரிமாறப்படும். அவர் மேஜைக்கு மேஜை நடந்துபோய் நாலு வார்த்தை பேசுவார். அதற்குள் ஸ்டூ ஆறிவிடுமா, கஸ்டர்டில் ஆடை படியுமா என்று பார்க்க வேண்டாமா? அதற்கு நிஜமான ஸ்டூ வேண்டும். நிஜமான ஆட்கள் உட்கார்ந்து நிஜமாகச் சாப்பிட வேண்டும். பாதிரியார் மெதுவாக, "இதுவும் உபயோகிக்கிறதுதானே?" என்று கேட்டார். டோரீன் அவரை, சாப்பாட்டு வரிசையில் தள்ளிக்கொண்டு முன்னால் வந்த பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "உபயோகம் இல்ல பாதர். ஒத்திகை." அதுவும் குறிப்பில் ஏறியது.

முதல் ஒத்திகையில் அரச விருந்தினராக என்னைப் போட்டாள். கோட்டு, டை, கை பின்னால். நான் மிஸஸ் ஆலர்ட்டன் மேஜைக்குப் போய், "என்ன, சௌக்கியமா?" என்றேன்.

"ஐயோ, மால்கம்! ராஜ குடும்பம் அப்படியா கேக்கும்? டிக்கெட் கிழிக்க வந்தவன் மாதிரி நிக்கிற. வெளிய போ." அவள் கண் கூடத்தைச் சுற்றி ஓடியது. "ஹெட்லி, நீங்க வாங்க."

ஹெட்லி கசாப்புக் கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையை விற்றுவிட்டு, வியாழன் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர். பெரிய உருவம், சிவந்த முகம், வெள்ளை முடி. கல்லாவுக்குப் பின்னால் வாழ்க்கை பூராவும் நின்றதில், எதிரே இருப்பவர் யாரானாலும் 'கண்ணு' என்று கூப்பிட்டு, தலை சாய்த்துக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அரச குடும்பத்து டியூக் ஒருவருக்கு வேண்டியது அதற்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெட்லி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஸஸ் ஆலர்ட்டன் முன் நின்றார். "ரொம்ப தூரத்துல இருந்தா வர்றீங்க?"

"கூறு கெட்டவனே, ரெண்டு தெரு தள்ளி. எனக்கு ஆட்டுக்கறி வித்தவன்தானே நீ?"

கூடமே சிரித்தது. டோரீன் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். "மிஸஸ் ஆலர்ட்டன், இவர் ஹெட்லி இல்ல. இவர் டியூக். ஒழுங்கா பதில் சொல்லுங்க."

மிஸஸ் ஆலர்ட்டன் கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஹெட்லியின் முகத்தையே பார்த்தார். "தூரத்துல இருந்துதான் வந்தேன், ஐயா," என்றார். "ஹல் துறைமுகத்துல இருந்து. சண்டையில குண்டு விழுந்த வருஷம். எங்க தெருவே இல்ல. என்னையும் தம்பியையும் பால் வண்டியில ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க. அம்மா பின்னாடி வர்றேன்னாங்க."

"வந்தாங்களா, கண்ணு?"

"இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. எண்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் இருக்கிறார். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கேட்கும் வழக்கம் இல்லை. அது துருவுவது ஆகிவிடும். டியூக் கேட்டால் வேறு. டியூக்குக்குத் துருவ உரிமை உண்டு.

ஹெட்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஹெட்லி! ராஜ குடும்பம் ஒருத்தர்கிட்ட இவ்ளோ நேரம் நிக்காது!" என்று டோரீன் சமையலறையிலிருந்து கத்தினாள்.

"நான் நிக்கல கண்ணு, உக்காந்திருக்கேன்."

ஒத்திகை முடிந்ததும் டோரீன் குறை சொன்னாள். ஸ்டூ ஆறிவிட்டது. கோப்பைகள் தப்பான பக்கம் இருந்தன. அடுத்த வியாழன் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த வியாழன் ரூபார்ப் புட்டிங் தாமதமாக வந்தது. ஆகவே அதற்கடுத்த வியாழனும் பார்க்க வேண்டும். என் தங்கைக்குக் குறை கண்டுபிடிப்பதில் ஒரு வியாழன்கூடத் தோல்வி வந்ததில்லை. நான் எதையும் கவனிக்காதவன் போல உருளைக்கிழங்கு உரித்தேன்.

வசந்தம் வந்தது. இனிமையான குரல் கூப்பிட்டது. வருவதாக இருந்தவருக்கு வேறொரு பெரிய ஊரில் வேறொரு பெரிய கட்டடம் வந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் வருவதாக இருந்தவருக்கு முழங்கால் சரியில்லை. அவருக்குப் பதில் வருவதாக இருந்தவர், முழங்கால் சரியில்லாதவரின் மற்ற வேலைகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். டோரீன் ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு அடுப்பங்கரைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு, "வருவாங்க" என்பாள். என்னிடம் சொல்வது போலத்தான் இருக்கும்.

ஸ்கெல்பியிலோ ஆள் பஞ்சமே இல்லை. ஹெட்லிக்கு ஒரு வியாழன் சளி பிடித்தபோது பல் டாக்டர் டியூக்காக வந்தார். பற்களைப் பற்றி மட்டும் விசாரித்தார், ஆனாலும் அக்கறையாக. பாதிரியாரின் மனைவி இளவரசியாக வந்தபோது கையுறை போட்டுக்கொண்டார். அன்று எல்லோரும் தலை சீவி வந்தார்கள். யாருக்கு எந்த வியாழன் என்று முறை வைத்தோம். லண்டனில் அரச குடும்பம் சுருங்கச் சுருங்க எங்கள் ஊரில் பெருகியது. எங்களுடையதற்குக் காவல் வேண்டாம், குதிரை வேண்டாம், பால்கனி வேண்டாம். சாப்பாடு மட்டும் ஒரு தட்டு. நாட்டுக்கு எது கட்டுப்படியாகும் என்று நான் சொல்லவில்லை. நான் டிப்போக்காரன்.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே தகவல் வந்துவிட்டது. இடம் பார்க்க அரண்மனை அலுவலகத்திலிருந்து ஜூலியன் என்று ஒருவர் வருகிறார் என்றார்கள். டோரீன் அந்த வாரம் பூராவும் ஜன்னல் துடைத்தாள். இரண்டு தரம் ஸ்டூவை வீட்டில் வைத்து ருசி பார்த்து, இரண்டு தரமும் எனக்கு ஊற்றினாள். "நிஜமா வர்றாங்க, மால்கம்," என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. கீத் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலியன் வியாழன் மதியம் வந்தார். முப்பது வயது இருக்கும். மெலிந்த ஆள், அதிகாலை ரயிலில் வந்த களைப்பு, ஆனால் ஷூ கண்ணாடி மாதிரி. உள்ளே முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெட்லி மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்தார்.

"இது…" என்றார் ஜூலியன்.

"ஒத்திகைங்க," என்றாள் டோரீன்.

"அழகா இருக்கு. ரொம்ப அழகா இருக்கு." கதவின் அகலத்தைப் பார்த்தார், அழகு என்றார். கழிப்பறைக் கைப்பிடிகளைப் பார்த்தார், அழகு என்றார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிறகு சுவரோரம் நின்று விவரம் சொன்னார். அடுத்த மாதம். காலை பத்து மணி. மொத்தம் இருபது நிமிஷம்.

"பத்து மணிக்கா?" என்றாள் டோரீன். "சாப்பாடு பன்னெண்டரைக்குத்தானே."

"சாப்பாடு வேண்டாம் மேடம். அவங்க சாப்பிட மாட்டாங்க."

"ஒரு கிண்ணம் ஸ்டூ?"

"வழக்கம் இல்லீங்க."

"நின்னுகிட்டே ஒரு ஸ்பூன்?"

"கேமரா இருக்கும். யாரும் வாயில எதையும் வச்சுக்கிட்டு இருக்கறத அவங்க விரும்பறதில்ல. விருந்தாளிங்களும் அந்த நேரத்துல சாப்பிடாம இருந்தா நல்லது." அவர் குரலில் அலட்சியம் இல்லை. பல இடங்களில் பல தடவை சொல்லித் தேய்ந்த குரல். "அப்புறம், அறிமுகம் ஆறு பேருக்கு. அந்த ஆறு பேர நீங்களே தேர்ந்தெடுங்க. மத்தவங்க வெளிய, கயித்துக்குப் பின்னாடி. அவங்களப் பாத்துக் கையசைப்பாங்க."

"மழ பெஞ்சா?"

"கொடை கொண்டு வரச் சொல்லலாம்."

டோரீன் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கரண்டி.

"ஆறு பேரு," என்றாள்.

"மிஸஸ் ஆலர்ட்டன்."

"ஆமா. ஹெட்லி. அப்புறம்?" விரல் மடக்கினாள். மூன்றாவது விரலில் நின்றாள். சமையலறை ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. மிஸஸ் ஆலர்ட்டன் தன் தட்டிலிருந்த கேரட்டைப் பக்கத்தில் இருந்தவர் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் போன மாதம்வரை யாரோடும் பேசாதவர். "நான் எல்லாரும்னு சொன்னேன், மால்கம். சர்ச் வாசல்ல நின்னு சொன்னேன். எல்லாரும் கை குலுக்கப் போறீங்கன்னு."

"நீ ராஜ குடும்பம் வரும்னும் சொன்ன. அது வருது. இந்த ஒண்ணுக்காகத்தானே இத்தனை வருஷம்."

"தெரியும்." அவள் எழுந்தாள். முகத்தைத் துண்டால் துடைத்தாள். ஆவியாகத்தான் இருக்கும். "சாப்பாட்டுக் கூடத்தத் திறக்க வர்றவங்க சாப்பிட மாட்டாங்களாம். எதுக்கு வர்றாங்க? கதவு திறக்குதான்னு பாக்கவா? கதவு திறக்கும். மூணு தரம் எண்ணெய் போட்டிருக்க நீ."

வெளியே வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன். எங்கள் நாட்டில் யாரும் அரண்மனையிடம் முடியாது என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமே சொல்வதில்லை. அதற்கென்று வேறு வார்த்தைகள் இருக்கின்றன.

"ரொம்ப சந்தோஷம் ஜூலியன்," என்றாள் டோரீன். "ஆனா பாருங்க, கூடம் இன்னும் தயார் இல்ல."

ஜூலியன் கூடத்தைப் பார்த்தார். முப்பது பேர் இரண்டாவது தடவை ஸ்டூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்கள் ஆவியில் மங்கியிருந்தன. யாரோ ஒருவர் யாரோ ஒருவருடைய பேரன் படத்தைப் பார்த்து, மூக்கு யாரைப் போல என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப தயாராகும்னு நினைக்கிறீங்க?"

"சொல்ல முடியலீங்க. ஒத்திகை போய்க்கிட்டிருக்கு. இன்னும் குறை வருது. இன்னைக்குக்கூட கஸ்டர்ட் தண்ணியா இருக்கு."

கஸ்டர்ட் தண்ணியாக இல்லை. டோரீன் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கஸ்டர்டைத் தண்ணியாகச் செய்ததில்லை. தன் கஸ்டர்டைப் பற்றி அவள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவளுக்கு அதற்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலியன் இங்கிலீஷ்காரர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. சொல்லப்போனால், காலையிலிருந்து சுமந்த ஏதோ ஒன்று லேசானது மாதிரி இருந்தது. "புரியுது மேடம்," என்றார். "அவசரப்படுத்த வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும், அன்னைக்கு இன்னும் நாலு இடம் இருக்கு. ஆள் இல்ல." கோட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் போகவில்லை. "அந்த ஸ்டூவுல என்ன போட்டிருக்கீங்க?"

டோரீன் நாற்காலியைக் காட்டினாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் யாரும் கேமரா கொண்டுவரவில்லை.

அந்த இருபது நிமிஷம் அடுத்த மாவட்டத்தில் ஒரு சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கிடைத்தது என்று பத்திரிகையில் படித்தேன். படம் நன்றாக இருந்தது. எல்லோரும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். அரச விருந்தினர் யார் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் எதையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை, அதுவும் நியாயம்தான்.

ஊரில் சிலர் பேசினார்கள். டோரீன் சொன்னது நடக்கவில்லை என்றார்கள். தபால் ஆபீஸ் வரிசையில் அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். டோரீன் ஸ்டாம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மாலை அவள் பெரிய சட்டியை, அது சுத்தமான பிறகும் வெகு நேரம் தேய்த்ததை நான் பார்த்தேன். வருத்தமா என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஒரு டியூக் வேண்டும், அன்றைக்கு டியூக் யாரும் கைவசம் இல்லை. துண்டை எடுத்து, சட்டியை வாங்கித் துடைத்து வைத்தேன்.

அடுத்த வியாழன் ஹெட்லியின் முறை. பன்னிரண்டரை ஆயிற்று, ஆளைக் காணோம். எல்லோரும் மேஜையில் உட்கார்ந்துவிட்டார்கள். மிஸஸ் ஆலர்ட்டன் காது மிஷினைச் சரிசெய்துகொண்டு வாசலையே பார்த்தார். அவர் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த கதை போன தடவை பாதியில் நின்றிருந்தது. கடைசியில் ஹெட்லி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், கழுத்தில் டை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

டோரீன் கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"மன்னிச்சுக்க கண்ணு, நாயி ஓடிப்போச்சு."

"நாயாவது நரியாவது. முப்பது பேரு ஸ்பூனப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அங்க பாருங்க, மிஸஸ் ஆலர்ட்டன் உங்களுக்காகக் கழுத்த நீட்டிக்கிட்டு இருக்காங்க." அவரது டையைப் பிடித்து நேராக இழுத்துவிட்டாள். "இன்னொரு தரம் லேட்டா வந்தீங்கன்னா உங்கள எடுத்துட்டு பல் டாக்டரப் போட்டுருவேன். லண்டன்ல வேணா ஆள் கெடைக்காம அல்லாடலாம், ஸ்கெல்பியில டியூக்குக்குப் பஞ்சமில்ல. போங்க, மூணாவது மேஜையில இருந்து ஆரம்பிங்க."

ஹெட்லி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.